எங்கள் வீட்டு ஊறல்

கொழும்பிலிருந்து உச்சிப்புளிக்கு வந்திருந்த சித்தப்பா மகன், தெருக்கடை இஞ்சி சோடாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இதுல இஞ்சி எங்கண்ணே இருக்கு? எங்க ஜிஞ்சர் பியர் தொண்டையைப் பிடிக்கும்" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

செய்முறை லேசுதான். இஞ்சியைத் தோலோடு துருவி (காட்டு ஈஸ்ட் தோலில்தான் ஒட்டியிருக்கும்), தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து, ஜாடி வாயில் துணி கட்டி, தினம் ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுவந்தால் ஐந்தாறு நாளில் நுரைக்குமாம். நம்ம வெயிலுக்கு மூன்றாம் நாளே பொங்கியது. அப்புறம் இஞ்சியும் சர்க்கரையும் போட்டுக் கொதித்த தண்ணீர் ஆறியபிறகு (சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்) எலுமிச்சை பிழிந்து, ஜாடித் தண்ணீரை வடிகட்டிக் கலந்து, பாட்டிலில் அடைக்க வேண்டும். சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் விடும் வாயு வெளியேற வழியில்லாமல் தண்ணீரிலேயே கரைகிறது, மூக்கில் சுர்ரென்று ஏறுவது அதுதான். கடைச் சோடாவுக்கு அதே வாயுவை சிலிண்டரிலிருந்து ஏற்றுகிறார்கள்.

"பியர்னா பீருதானேடா?" என்றாள் அம்மா. சேச்சே, பெயர்தான் அப்படி என்று நான் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே திண்ணையிலிருந்து அப்பத்தா, "சுண்ணாம்பு தடவாத கலயத்துல பதனி கள்ளாகுமே, அந்த மாதிரியா?" என்று கேட்க, "அதேதான் அப்பத்தா!" என்று உற்சாகத்தில் சொல்லித் தொலைத்தேன்.

நான் அடைத்தது மூன்று சர்பத் பாட்டில், மீதி கொஞ்சத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பிளாஸ்டிக்கை அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி ஆனதும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். நான் அமுக்காமல் தூங்கப் போனேன். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டமார்! டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதென்று அப்பா டார்ச்சோடு வாசலுக்கு ஓட, அடுக்களையில் இரண்டாவது டமார். முருகன் காலண்டரில் வேலிலிருந்து இஞ்சித் திப்பி சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதை நானே வீரமாகத் திறந்தேன். மூடி இன்னும் கிடைக்கவில்லை.

மிஞ்சிய பிளாஸ்டிக் பாட்டிலை அப்பத்தாவே முக்கால்வாசி காலி செய்தது. 1964 புயலுக்கு முன்னால், தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போன காலத்தில், கொழும்பில் தாத்தா வாங்கிக் கொடுத்தது இதைவிடக் காரமாம்.

காலையில் பால்காரக்கா குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் கேட்டார்: "வீட்டுல ஊறல் போட்டிருக்கீகளாமே?"

அம்மா திண்ணையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பத்தா டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தது.