எங்கள் வீட்டில் கார் இல்லை, ஸ்ரேசனில் இருக்கிறது

“காரை வித்துப்போட்டம்” என்று சொன்னால் எங்கள் சனம் கேட்கிற முதல் கேள்வி, “ஏன் பிள்ளை, ஏதும் கஷ்டமோ?” என்பதுதான். அப்படிக் கேட்பதில் பிழையில்லை. எண்பதுகளில் அகதியாக சுவிசுக்கு வந்து, ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவி, சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்தவர்கள் அவர்கள். முதல் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம்தான் ஊருக்குப் போன முதல் நல்ல செய்தி. சித்தப்பா வீட்டு அல்பத்திலும் அப்படியொன்று இருக்கிறது: பனிக்குள் ஒரு வெள்ளை ஒப்பெல், பக்கத்தில் கோட்டும் ரையுமாக அவர். அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்துத் தேவை வேறு, இன்றைக்கு பேர்ன் நகரத்தில் எங்கள் வீட்டுத் தேவை வேறு.

நாங்கள் இருப்பது பேர்ன் நகரத்துப் பெத்லெகேம் பகுதியில். நான், இவர், மகள், அம்மா, அப்பா என்று ஐந்து பேர். 8ஆம் இலக்க ட்ராம் பக்கத்திலேயே நிற்கும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அதில்தான் போகிறேன். இவர் ரயிலில் தூன் போய்வருகிறார். மகள் பள்ளிக்கூடத்துக்கு நடை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ட்ராம்தான். ஒய்ரோபாபிளாட்ஸில் இறங்கினால், 2014இல் திறந்த ‘சமயங்களின் வீட்டுக்குள்’ளேயே எங்கள் கோயில் இருக்கிறது. இப்படியிருக்க, பழைய கார் கிழமை முழுக்கத் தெருவோரப் பார்க்கிங்கின் நீலக் கோட்டுக்குள் சும்மா நின்றது. நின்றதற்கும் காசு: வரி, இன்சூரன்ஸ், பார்க்கிங் அட்டை, குளிருக்கு ஒரு ரயர், கோடைக்கு ஒரு ரயர். கார் ஓடத் தகுந்ததா என்று பார்க்கும் எம்.எஃப்.கா. சோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது, திருத்தச் செலவை கராஜ்காரர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாளை மேசையில் வைத்து இரவு முழுக்க இரண்டு பேரும் கதைத்தோம். விற்றுவிட்டோம்.

அதற்குப் பிறகு நாங்கள் ஓடுவது மொபிலிட்டி என்ற கார் பகிர்வுச் சங்கத்தின் சிவப்புக் கார்கள். இது இந்த நாட்டுக்குப் புதிய விஷயமே இல்லை. 1987இல் ஸ்டான்ஸில் சில பேர் சேர்ந்து காரைப் பொதுவில் வைத்துக்கொள்ள ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். அதே ஆண்டு சூரிச்சிலும் இன்னொன்று தொடங்கியது. 1997இல் இரண்டும் ஒன்றாகி மொபிலிட்டி ஆனது. இன்றைக்கும் அது கூட்டுறவுச் சங்கம்தான். நாடு முழுக்க ஏறத்தாழ 3,000 வாகனங்கள் ஓடுகின்றன.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு எந்த அதிசயமும் இல்லை. “எங்கட ஊரில ஆர் கார் வைச்சிருந்தவை? சந்தியில நிக்கிற ஒஸ்ரின் வாடகைக் காரைத்தானே எல்லாரும் பிடிச்சவை. கலியாணத்துக்கும் அதுதான், பெரியாஸ்பத்திரிக்கும் அதுதான். ஓட்டுறது மட்டும் இப்ப நீ” என்றார். எனக்கு வேறு யாரும் இதை இவ்வளவு தெளிவாக விளங்கப்படுத்தவில்லை.

எப்படி எடுப்பது என்று கேட்பவர்களுக்காக ஒரு சனிக்கிழமைக் காலையைச் சொல்கிறேன். போனில் இடத்தையும் நேரத்தையும் பார்த்து ஏற்கெனவே பதிந்திருப்போம். காருக்குப் பக்கத்தில் போய், ரயிலுக்குக் காட்டுகிற அதே சிவப்பு சுவிஸ்பாஸை முன்கண்ணாடியில் இருக்கும் கருவிக்கு நேரே பிடித்தால், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதவு ‘ளக்’ என்று திறக்கும். போனாலேயும் திறக்கலாம். எனக்கு அந்த அட்டைதான் பிடிக்கும். ரயிலுக்கும் காருக்கும் ஒரே அட்டை என்பது சும்மா வசதி மட்டுமில்லை, இந்த முறை முழுவதும் ஓடுவதே அந்த யோசனையில்தான். பிறகு மகளின் வேலை. காரைச் சுற்றி நடந்து, குனிந்து, சில்லு மூடி, பம்பர் ஓரம், கதவு விளிம்பு எல்லாம் பார்ப்பாள். கீறல் கண்டால் விரலை வைத்தபடி “அம்மா, இது லிஸ்டில இருக்கோ?” என்று கேட்பாள். ஏற்கெனவே பதிந்த கீறல்களின் லிஸ்டில் அது இல்லையென்றால் எடுக்க முதலே அறிவித்துவிட வேண்டும். அவள் எட்டு வயதுப் பிள்ளை, ஒரு பொதுப்பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்யப் பழகுகிறாள். அதற்காகவே இந்த முறை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

கட்டணம் மணித்தியாலத்துக்கும் ஓடிய கிலோமீற்றருக்கும். பெற்றோல் அதற்குள் அடங்கும். வழியில் நிரப்ப வேண்டிவந்தால் காருக்குள் இருக்கும் அட்டையால் கட்டலாம். ஓட்டோபானில், அதாவது நெடுஞ்சாலையில், ஓடக் கட்டணம் கட்டி ஒட்டும் வின்யெட்டும் அவர்களுடையதே. எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும், அதுவும் சொன்ன நேரத்துக்கு. அடுத்த ஆள் பிள்ளையோடும் பையோடும் அங்கே காத்துக்கொண்டு நிற்பார். திரும்பும் வழியில் நெரிசல் என்றால், பின்னுக்கு யாரும் பதியாதவரை போனில் நேரத்தை நீட்டலாம். நான் எப்போதும் ஒரு மணித்தியாலம் கூட்டியே பதிவேன்.

இதனால் எங்கள் சனி ஞாயிறு சுருங்கியதா என்றால், விரிந்தது என்பேன். நவம்பரில் பேர்ன் நகரம் நாள்கணக்காகச் சாம்பல் மூடிக்குள் கிடக்கும். இங்கே ஹோக்நெபெல் என்பார்கள். சூரியன் இல்லாமல் அம்மாவின் முகமும் வாடிவிடும். அப்படியொரு சனிக்கிழமை ஐந்து பேரும் பின்பக்கம் பெரிய கொம்பிக் கார் ஒன்றில் ஏறி, றிக்கிஸ்பெர்க் தாண்டி குர்னிகல் பக்கம் ஏறினோம். அந்தப் பாஸின், அதாவது மலைக் கணவாயின், உயரம் 1,608 மீற்றர். காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் பாதையில் முன்னால் போகும் காரின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரு வளைவில், திரை விலகியது போல, நீல வானம். கீழே பார்த்தால் மூடுபனி வெள்ளைக் கடலாக யூரா மலைவரை பரந்து கிடக்கிறது. அம்மா கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, போத்தலில் கொண்டுவந்த இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்தபடி வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தா. முழங்கால் வலியோடு பஸ் மாறி மாறி அவவை அங்கே கூட்டிப்போக என்னால் முடியாது. காருக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்றால், அது இதுதான்.

தூரப் பயணத்துக்கு நாங்கள் பேர்னிலிருந்து கார் எடுப்பதே இல்லை. ரயிலில் போய், மலையடிவாரத்து ஸ்ரேசனில் கார் எடுப்போம். சிம்ப்லோன் பாஸுக்கு அப்படித்தான் போனோம். 34.6 கிலோமீற்றர் நீளமான லொட்ஷ்பெர்க் அடித்தள ரயில் சுரங்கம் 2007இல் திறந்த பிறகு, பேர்னிலிருந்து பிறிக் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். காரிலேயே போவதென்றால் கண்டர்ஸ்டெக்கில் வரிசையில் நின்று காரையே ரயிலில் ஏற்றி கொப்பன்ஸ்டைனில் இறக்க வேண்டும், அல்லது ஜெனீவா ஏரிப்பக்கம் சுற்ற வேண்டும். நாங்கள் ரயிலில் புளிச்சாதமும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டு முடிக்க பிறிக் வந்துவிட்டது. ஸ்ரேசனில் கார் நின்றது. அங்கிருந்து ஏறும் பாதையில் கன்டர் பாலம் வருகிறது. பொறியியலாளர் கிறிஸ்டியான் மென் வடிவமைத்து 1980இல் முடித்தது. நடுவில் இரண்டு தூண்களுக்கு இடையிலான தூரம் 174 மீற்றர். தாங்கும் கம்பிகளை வெளியே காட்டாமல் கொங்கிறீட்டுக்குள் மூடியிருப்பார், அதனால் பள்ளத்தாக்கின் மேலே பெரிய முக்கோணச் சுவர்கள் எழும்பி நிற்பது போலத் தெரியும். கட்டிடக் கொம்பனியில் வேலை செய்யும் இவர் காரை ஓரங்கட்டி நிறுத்தி, அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே 2,005 மீற்றரில் பாஸ், கல்லால் கட்டிய பெரிய கழுகு, காற்று. மகள் கழுகின் கீழே ஓடித்திரிந்தாள். பின்னேரம் காரை பிறிக்கில் விட்டுவிட்டு ரயிலில் எல்லோரும் நித்திரை. மலை இறங்கிய களைப்போடு இரண்டு மூன்று மணித்தியாலம் இருட்டில் ஓட்ட யாருக்கும் தேவை வரவில்லை.

காசுக் கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 15,000 கிலோமீற்றர் ஓடும் ஒரு சாதாரணக் காருக்கு எல்லாச் செலவும் சேர்த்து 10,000 பிராங்கைத் தாண்டும் என்று கார் ஓட்டுநர் சங்கமான ரி.சி.எஸ். கணக்குப் போட்டு வெளியிடுகிறது. எங்கள் பழைய கார் அவ்வளவு ஓடவில்லை, ஆனாலும் விலை வீழ்ச்சியைச் சேர்த்தால் தொகை பெரிதுதான். இப்போது கார் எடுக்காத மாதத்தில் காருக்கு ஏறக்குறைய ஒன்றுமே போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கோ: விபத்தென்றால் நாங்கள் கட்டவேண்டிய ‘செல்ப்ஸ்ட்பெஹால்ட்’ இதிலும் உண்டு. அதைக் குறைக்க வருடாந்தத் தெரிவு ஒன்று இருக்கிறது. எடுத்துவிடுங்கோ, யோசிக்க வேண்டாம்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். சித்தப்பா இன்னமும் விடிய நாலு மணிக்கு அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போகிறார். அந்த நேரம் ட்ராமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கிராமத்து றெஸ்ரோறன்ற் குசினியில் நடுச்சாமம் தாண்டி வேலை முடிக்கிறவருக்கும் அதே நிலைதான். அவர்களைப் பார்த்து “காரை வில்லுங்கோ” என்று சொல்ல எனக்கு வாய் வராது. நகரத்துக்குள் ட்ராம் பாதையில் இருந்துகொண்டு, பகல் வேலை செய்துகொண்டு, கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் காரைத் துடைத்து எடுக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். 2015 கணக்கெடுப்பிலேயே பேர்ன் நகரத்து வீடுகளில் பாதிக்கு மேல் கார் இல்லை. அவர்கள் எல்லோரும் கஷ்டப்பட்ட சனமில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து டொக்டர் அம்மாவும் அதில் ஒருவர், மழையிலும் சைக்கிளில்தான் வருகிறா.

கலியாண வீட்டுக்கு மட்டும் நாங்கள் கொஞ்சம் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். பலகாரத் தட்டு, காஞ்சிபுரம், நித்திரையான பிள்ளை, தொழிற்பேட்டைப் பக்கத்து மண்டபம், இரவு பன்னிரண்டு மணி. இதற்குக் கார் வேண்டும்தான். அழைப்பிதழ் கைக்கு வந்த அன்றே கொம்பியைப் பதிந்துவிடுவோம். திருப்பி விட முதல், சீற்றுக்குக் கீழே கொட்டுண்ட மிக்ஸரையும் பூவிதழ்களையும் கூட்டி எடுக்கச் சின்னத் தும்புத்தடி ஒன்று பையில் எப்போதும் இருக்கும்.

அடுத்தது ஈஸ்டர். தெற்கே திச்சீனோ மாநிலத்துக்குப் போவதென்று வீட்டில் ஒருமித்த தீர்மானம். கொத்தார்ட் றோட்டுச் சுரங்கத்துக்கு முன்னால் அந்த நாட்களில் கார்கள் கிலோமீற்றர் கணக்கில் நிற்பதை வருடாவருடம் செய்தியில் பார்க்கிறோம். நாங்கள் ரயிலில் 57 கிலோமீற்றர் கொத்தார்ட் அடித்தள ரயில் சுரங்கத்துக்குள்ளால் போய் பெலின்சோனாவில் இறங்குவோம். வெர்சாஸ்கா பள்ளத்தாக்குக்கு அங்கிருந்து கார். அந்த நாட்களில் எல்லோருக்கும் கார் வேண்டும் என்பதால் பெப்ரவரியிலேயே பதிந்தாச்சு. அப்பா முன் சீற் தனக்கு என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.