நாற்பது தொன் லொறிக்காரனும் எங்கள் ஆல்டோவும்

மச்சான் வந்திறங்கியது யூலை 27, ஞாயிறு விடியப்புறம். கட்டுநாயக்காவில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன் சுகம்கூட விசாரிக்கவில்லை. "கார்த் திறப்பை இஞ்ச கொண்டா."

கொடுக்கவில்லை. இரவு முழுக்க விமானத்தில் இருந்தவனிடம் காரைக் கொடுத்து, ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே வந்தால் என்ன செய்வது? குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று நானே ஓட்டினேன். கந்தளாயில் தயிர்ச் சட்டி வாங்க நிறுத்தியபோது மறுபடி கை நீட்டினான். "ஊருக்குள்ள போய் ஓட்டு" என்றேன்.

அவன் தொழிலே ஓட்டுவதுதான். லண்டனிலிருந்து லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு டோவர் தாண்டி பிரான்ஸ், பெல்ஜியம் என்று போய்வருகிறவன். நாற்பது தொன். அதை ஒரு சந்துக்குள் பின்னுக்கு எடுத்து நிறுத்தும் வீடியோவை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பார்க்காத ஆள் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு எங்கள் பழைய ஆல்டோ எம்மாத்திரம்?

அவன் தாய், எங்கள் மாமி வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில். கச்சான் காற்று வீசும் காலம், கடல் குளம்போலக் கிடக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கமெல்லாம் வெள்ளைக்காரர் நிறைந்திருக்கும் மாதங்களும் இவைதான். பள்ளிக்கூட லீவும் சேர்ந்துகொள்ள, நானும் வவுனியாவுக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் கடல், பிறகு பிட்டும் சூரைமீன் குழம்பும், பின்னேரம் கோணேசர் கோயில். கோட்டை வாசலில் மான்கள் வந்து கார்க் கண்ணாடியை நக்கும். எல்லா இடத்துக்கும் அவன்தான் சாரதி. இரண்டு கிழமை இப்படியே போயிற்று.

ஒருநாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாம் என்று மாமியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் ட்ராபிக் பொலிஸ் கை காட்டினார். மச்சான் சிரித்த முகத்தோடு லண்டன் லைசன்ஸ் அட்டையை நீட்டினான். கூடவே சாம்பல் நிற மட்டை போட்ட சர்வதேச அனுமதிப்பத்திரம். பொலிஸ்காரர் வயதானவர், அவசரப்படாதவர். புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் திரும்ப முன்னுக்கு வந்தார்.

"இதில சீல் இல்லையே?"

"என்ன சீல்?"

"கொழும்பில அடிக்கிறது."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மாமியைப் பார்த்தேன். மாமி வெளியே பார்த்துக்கொண்டிருந்தா.

வெளிநாட்டு லைசன்ஸோடு வருகிறவர் இங்கே ஸ்டியரிங் பிடிக்க அந்தச் சர்வதேசப் புத்தகம் மட்டும் போதாது. கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்திடம் கொண்டுபோய் அதை உறுதிப்படுத்த வேண்டும். புத்தகம் இல்லாதவர் வேரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்த் தற்காலிக லைசன்ஸ் எடுக்க வேண்டும். இது புதிய சட்டம் இல்லை, வெகுகாலமாக இருப்பதுதான். எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பொலிஸ்காரர் தண்டம் எழுதவில்லை. மாமியின் நெற்றியில் இருந்த விபூதி காரணமோ என்னவோ. "நீங்கள் ஓட்டுங்கோ" என்று என்னைக் கை காட்டினார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "இப்ப எயார்போட்டிலேயே குடுக்கிறாங்கள், மாத்தயா."

உண்மைதான். கட்டுநாயக்காவில் வந்திறங்கும் வெளிநாட்டவருக்கு அங்கேயே தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கவுண்டர் 2025 ஓகஸ்ட் 3ஆம் திகதி திறந்திருக்கிறார்கள். மச்சான் வந்தது யூலை 27. ஏழே ஏழு நாள். இனி அந்தக் கவுண்டருக்குப் போவதென்றால் இருநூற்றைம்பது கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். ஓட்டுவது நான்.

கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு சூட்டில் இருக்கும். மச்சான் அன்றைக்கு எல்லாவற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றினான், ஒரு கதையும் இல்லை. வீட்டுக்கு வந்துதான் போனில் தேடத் தொடங்கினான். அப்போதுதான் இரண்டாவது குண்டு வெடித்தது.

இங்கிலாந்தில் இந்தச் சர்வதேசப் புத்தகம் மூன்று வகையாக விற்கிறார்கள்: 1926, 1949, 1968. ஒவ்வொன்றும் அந்தந்த ஆண்டு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பெயரில். முன்பு தபால் கந்தோரில் எடுத்தார்கள், 2024 ஏப்ரலில் இருந்து தெருமுனைக் கடைகளில். எதை எடுத்தாலும் ஐந்தரைப் பவுண். இலங்கைக்குத் தேவை 1949. அது ஒரு வருடம்தான் செல்லும். 1968 மூன்று வருடம் செல்லும். எங்கள் ஆள் கடையில் நின்று கணக்குப் பார்த்திருக்கிறார். ஒரே காசுக்கு மூன்று வருடம் கிடைக்கிறதே என்று 1968ஐ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"லாபம் பாத்தனியாக்கும்" என்றா மாமி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கிழமையாக அவன் ஓட்டிய பாதையெல்லாம் மனதில் ஓடியது. நிலாவெளிச் சந்தையில் சைக்கிள்காரப் பையன் ஒருத்தன் மயிரிழையில் தப்பினான். அன்றைக்குத் தட்டுப்பட்டிருந்தால்? இங்கே செல்லும் லைசன்ஸ் இல்லாதவன் கையில் காரைக் கொடுத்துவிட்டு இன்சூரன்ஸ்காரரிடம் என்னவென்று போய் நிற்பது? கார் என் பெயரில். மச்சான் லண்டனுக்குப் போயிருப்பான், நான் திருகோணமலை நீதிமன்ற வாசலில் நின்றிருப்பேன்.

மாமி அலுமாரியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தா. அதற்குள் அவனுடைய பழைய இலங்கை லைசன்ஸ். மெல்லிய மீசை, எண்ணெய் வைத்து வாரிய தலை. எப்போதோ காலாவதியாகிவிட்டது. படிக்கவென்று லண்டன் போன புதிதில் முதல் வருடம் இதை வைத்துத்தான் அங்கே ஓட்டினானாம். இலங்கை லைசன்ஸுக்கு அங்கே பன்னிரண்டு மாதம்தான் தவணை. சிங்கப்பூர், ஜப்பான் போன்ற நாட்டு லைசன்ஸ்களை அப்படியே மாற்றிக் கொடுப்பார்கள். எங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஐந்து வருடம் திருகோணமலையில் வான் ஓட்டியவன், காரில் சிவப்பு எல் எழுத்தை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் ஒருவரை இருத்தி முதலிலிருந்து பழகியிருக்கிறான். "அங்கயும் நான் பழகுநர், இஞ்சயும் பழகுநர்" என்றான். அன்று அவன் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

பிறகு மிச்ச நாளெல்லாம் நானே சாரதி. அவன் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு என் கியர் மாற்றலைத் திருத்தினான். லொறிக்காரனைப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது பெரிய தண்டனை.

மாமி வீட்டுக்கு நாலாவது காணியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஆறு அறை, ஒரு வேப்பமரம். அதை நடத்தும் அண்ணையிடம் இந்தக் கதையைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். கடைக்காரர் கடன் எழுதும் அதே தடித்த கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விருந்தாளி. நீலப் பேனையால் பெயர், அறை. சிவப்புப் பேனையால் வீசா முடியும் நாள். அதன் கீழே ஸ்கூட்டர் எடுத்தவர்களுக்கு லைசன்ஸ் முடியும் நாள். வீசா நீடித்தவர்களுக்குப் பழைய திகதியை ஒரு கோடு கீறி வெட்டிவிட்டுப் புதியது. ஒரு ஜேர்மன் தம்பதியின் பக்கத்தில் இரண்டு வெட்டு. அவர்கள் வருடா வருடம் மே மாதம் வந்து செப்டெம்பரில் போகிறவர்கள். முதலில் முப்பது நாள், நீடித்தால் மூன்று மாதம், பிறகும் நீடித்தால் ஆறு மாதம்.

"இவ்வளவையும் ஏன் நீங்கள் எழுதிறியள் அண்ணை?"

"அதுகள் எண்ணாதுகள். கடலைக் கண்டதும் நாள் மறந்துபோம். பிறகு ஓடி வாறது என்னட்ட."

கொப்பியின் பின்மட்டையில்தான் விசேஷம் இருந்தது. காலத்துக்குக் காலம் மாறிய விதிகள் அங்கே வரிசையாக, ஒன்றன் மேல் ஒன்று வெட்டப்பட்டு. 2024 ஏப்ரலில் ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதி முறையை நிறுத்தி வீசா வேலையை வெளியாரிடம் கொடுத்தார்கள், கட்டணமும் ஏறியது. ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பர் கடைசியில் பழைய ஈ.டி.ஏ. திரும்பி வந்தது. அந்த ஆறு மாதத்தில் பின்மட்டையில் நாலு வெட்டு. அண்ணைக்குக் கோபம் விதி மாறியதில் இல்லை. "மாத்தட்டும். போன வருசம் வந்த ஆள் இந்த வருசம் வாற ஆளுக்குச் சொல்லிவிடுது பாருங்கோ, அதுதான் பிழைக்கிறது." மச்சானுக்கு அப்படித்தான் நடந்தது. 2019இல் வந்துபோன அவன் கூட்டாளி ஒருவன் "ஒருத்தரும் மறிக்க மாட்டாங்கள், ஓடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

உப்புவெளிச் சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் தம்பிக்கு இதிலே வேறு கணக்கு. "எயார்போட்டிலேயே லைசன்ஸ் குடுத்தா நாங்கள் ஆரை ஏத்துறது?" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கொழும்புக்கு ஒரு நாள் அலையப் பஞ்சிப்பட்டு, ஒரு காகிதமும் இல்லாமல் ஸ்கூட்டரில் பறக்கிறவர்களைவிடக் கவுண்டரில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

அந்த நாட்களில் கடற்கரைப் பக்கம் வெளிநாட்டு இலக்கத்தகட்டோடு ஒரு வான் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம். மச்சான் போய்ப் பேச்சுக் கொடுத்தான், லொறிக்காரனுக்குச் சக்கரத்தைக் கண்டால் விடாது. இந்தியாவில் இருந்து கொள்கலனில் போட்டுக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு ஓடும் கப்பல் ஆட்களை மட்டும்தான் ஏற்றும், வாகனம் ஏற்றாது. அவர்கள் கையில் கார்னே என்று ஒரு சுங்கப் பத்திரக் கட்டு. நாட்டுக்குள் வரும்போது ஒரு துண்டு கிழிப்பார்கள், போகும்போது இன்னொரு துண்டு. வாகனம் குறித்த காலத்துக்குள் வெளியேறவில்லை என்றால் சுங்கவரி தலையில் விழும். மனிதருக்கு வீசா, வானுக்குக் கார்னே, ஓட்டும் கைக்கு வேறொரு தாள். மூன்றும் மூன்று திகதியில் முடியும்.

மச்சானுக்கு நாள் எண்ணுவது புதிதில்லை. பிரெக்சிற்றுக்குப் பிறகு பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஐரோப்பாவில் 180 நாளில் 90 நாள்தான். லொறி ஓட்டுகிறவனுக்கும் அதே 90. வேலைக்குப் போன நாளும், பரிஸில் தங்கச்சி வீட்டில் சோறு தின்ற நாளும் ஒரே கணக்கில் கழியும். தங்கச்சி பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு மூன்று நாள் நிற்க நினைத்தவன் ஒரே நாளில் திரும்பிய கதையைச் சொன்னான். இத்தனை நாளும் முத்திரையைப் பார்த்துத்தான் எண்ணினார்கள். இனி அதுவும் இல்லை. 2025 ஒக்ரோபர் 12இல் இருந்து முகமும் கைரேகையும் எடுத்துக் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். டோவரில் முதலில் லொறிக்கும் பஸ்ஸுக்கும்தான் தொடங்கியது. முதல் நாளே மாட்டியது எங்கள் ஆள்.

அவன் புறப்படும் நாளிலும் ஒரு சண்டை. முப்பது நாள் எப்போது முடிகிறது? ஓகஸ்ட் 25 என்றார் கெஸ்ட் ஹவுஸ் அண்ணை, 26 என்றான் மச்சான். வந்த நாளையும் எண்ண வேண்டும் என்பது அண்ணையின் வாதம். "அண்ணை, நான் நாள் எண்ணித்தான் சம்பளம் எடுக்கிறன்" என்றான் இவன். வேப்பமரத்துக்குக் கீழே இருவரும் விரல் மடக்கினார்கள், அந்த ஜேர்மன் கிழவரும் வந்து சேர்ந்து அண்ணை பக்கம் நின்றார். கடைசியில் மாமி தீர்ப்புச் சொன்னா: "எதுக்கும் 24ஆம் திகதி வெளிக்கிடு." பிறந்த ஊரில் ஒரு நாள் குறைத்து நிற்கச் சொல்லித் தாயே சொல்ல வேண்டியிருக்கிறது. 24ஆம் திகதி இரவு விமானத்துக்கு டிக்கெற்றை மாற்றினோம். கட்டுநாயக்கா வரைக்கும் நான்தான் ஓட்டினேன், கந்தளாயில் அவன் கை நீட்டவே இல்லை.

போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. புதிய சாம்பல் புத்தகம், மேலே 1949 என்று பெரிதாகத் தெரியும்படி விரலை வைத்திருந்தான். "இந்த முறை பிழைக்காது" என்று கீழே. உள்ளே பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன். எடுத்த திகதி 2025 நவம்பர், ஒரு வருடம் செல்லும். அவன் இனி வரப்போவது மாமியின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு. அது 2026 டிசம்பரில்.