18 மில்லிமீட்டர்

ஜூன் 3
மார்பகத்தில் கட்டி. 18 மி.மீ. நாடி 92.

ஜூன் 4
அந்த ஸ்கேன் திரை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பொத்தானைத் தட்டியதும் கட்டியின் ஓரமாகச் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுகள் முளைத்தன. சிவப்பு தமனி, நீலம் சிரை என்று நானாக நினைத்துக்கொண்டேன். இல்லையாம். ரத்தம் கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதுதான் நிறம். பொட்டுகள் விட்டுவிட்டு மின்னின, என் நாடியோடு சேர்ந்து. அதற்கும் என் இதயம்தான் ரத்தம் அனுப்புகிறது.

ஜூன் 6
புது ரத்தக்குழாய் இல்லாமல் கட்டி ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் வளராது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971லேயே சொல்லியிருக்கிறார். என்னுடையது 18. எப்போதோ குழாயை வரவழைத்துவிட்டது. வரவழைப்பது விஇஜிஎஃப் என்ற புரதம். ஆக்சிஜன் குறைந்தால் செல்கள் அதைச் சுரக்கும். இதுவரை சரி. நேற்றிரவு படித்ததுதான் சரியில்லை. நரம்பு முனையில் கசியும் நார்அட்ரினலினும் அதைச் சுரக்க வைக்குமாம். செல்லின் மேலே பீட்டா-2 ஏற்பி, அதில் போய் ஒட்டினால் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு ஏறும், விஇஜிஎஃப் கூடும். பயந்தால் சுரப்பதும் அதே நார்அட்ரினலின். 3ஆம் தேதியிலிருந்து நான் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்?

ஜூன் 7
96. எண்ணுவதால் கூடுகிறதோ.

ஜூன் 9
அக்கா போனில்: "டென்ஷன் ஆகாதேடி, அதுதான் இதை வளர்க்கும்." போனை வைத்துவிட்டேன். ராத்திரி நானே கூப்பிட்டுப் பேசினேன். மூன்று இரவாக நான் தேடித் தேடிப் படிப்பதைத்தான் அவள் ஒரு வரியில் சொன்னாள். அதனால் வந்த கோபம்.

ஜூன் 11
நார்அட்ரினலின் பிறப்பதே டோபமின் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளிலிருந்துதான். ஒரு என்சைம், ஒரே ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் டோபமின் டி2 ஏற்பி வழியாக விஇஜிஎஃப்பின் வேலையைத் தடுக்கிறது. 2001இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். தாய் பிரேக் போடுகிறாள், மகள் ஆக்சிலேட்டரை மிதிக்கிறாள்.

இன்னொன்று. மார்பகப் புற்றுச் செல்கள் தாமே நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. நரம்பு பேசுவதைக் கட்டி கேட்பது மட்டுமில்லை, நரம்பைக் கூப்பிடுவதும் அதுதான். கூப்பிடட்டும். இன்றைக்கு என்னவோ எரிச்சல்தான் வருகிறது, பயமில்லை.

ஜூன் 12
6 மணி நேரம் தூங்கினேன்.

ஜூன் 14
டாக்டரிடம் கேட்டேவிட்டேன், ப்ரோப்ரனலால் எழுதித் தருவீர்களா என்று. பீட்டா ஏற்பியை அடைக்கும் பழைய மாத்திரை. கைக்குழந்தைகளின் ரத்தக்குழாய்க் கட்டி அதில் சுருங்குவதைத் தற்செயலாகக் கண்டு 2008இல் எழுதினார்கள். "உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறது, தர மாட்டேன்" என்றார். சின்னச் சின்னச் சோதனைகள் நடந்திருக்கின்றன, அதை நம்பி எல்லோருக்கும் கொடுக்க முடியாதாம். விஇஜிஎஃப்பையே நேராகப் பிடிக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு, பரவிய மார்பகப் புற்றில் 2008இல் அமெரிக்கா கொடுத்த அனுமதியை 2011இல் திரும்பப் பெற்றதையும் சொன்னார். ஆயுள் கூடவில்லை.

அப்புறம் ஒரு தாளில் கட்டி என்று ஒரு வட்டம் போட்டு, அதை வளர்ப்பவற்றை அம்புகளாக வரைந்தார். மாறிய மரபணுக்கள், ஹார்மோன், ஆக்சிஜன் குறைவு, மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல். கடைசியாக நரம்பு. அங்கே பேனாவில் மை வரவில்லை. இரண்டு தடவை கிறுக்கிப் பார்த்துவிட்டு மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார்.

"எலியை மணிக்கணக்காக அடைத்து வைத்துப் பார்த்த அம்பு இது. நீங்கள் பயப்பட ஆரம்பித்ததே கட்டியைப் பார்த்த பிறகுதானே?"

எனக்கு இது தோன்றவே இல்லை.

ஜூன் 15
மெல்லிசு என்றால் எவ்வளவு மெல்லிசு? அல்லது மை வராததால்தான் மெல்லிசா? 88.

ஜூன் 17
நாளை காலை 7 மணிக்கு ஆபரேஷன். வெறும் வயிறு. மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் போட்டுக்கொண்டு வரக் கூடாதாம். கடிகாரம் இல்லாமல் எப்படி எண்ணுவது?