ஒரே மேக்ஃபைல், மூணு சிஸ்டம்

வியாசர்பாடி, கொளத்தூர், திருவொற்றியூர் என்று எந்தப் பக்கத்துக் கல்லூரிப் புராஜெக்ட் டீமை எடுத்தாலும் சிஸ்டம் கலவையாகத்தான் இருக்கும். ரெண்டு பேரிடம் விண்டோஸ் லேப்டாப், ஒருவர் வீட்டில் உபுண்டு போட்ட அசெம்பிள்டு பிசி, இன்னொருவருக்கு வேலைக்குப் போகும் அக்காவின் ஆப்பிள் லேப்டாப். சி கோட் ஒன்றுதான். எதை எப்படிக் கம்பைல் செய்வது என்று மேக் (make) என்ற புரோகிராமுக்குச் சொல்லும் மேக்ஃபைல் மட்டும் ஆளுக்கொன்றாகக் கிளைத்துவிடும். கிளைக்க விடாதீர்கள். சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும் சமாசாரம் எல்லாம் தனி ஃபைலுக்குப் போகட்டும். முதன்மை மேக்ஃபைலில், அந்தத் தனி ஃபைலை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் வரிக்குக் கீழே ஒரு இஃப்ஈக்யூ நிபந்தனை கூட வேண்டாம்.

எம்கே என்று ஒரு ஃபோல்டர். அதில் சிஸ்டத்துக்கு ஒரு ஃபைல். முதன்மை ஃபைலின் தலையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு, வரிசை முக்கியம். முதலில் ஓஎஸ் என்ற மாறியில் விண்டோஸ்_என்டி இருக்கிறதா பாருங்கள். விண்டோஸே அதை வைத்திருக்கும். இல்லையென்றால்தான் சிஸ்டத்தின் பெயரைக் கேட்கும் யூநேம் கட்டளை, அது லினக்ஸ் அல்லது டார்வின் (ஆப்பிள்) என்று சொல்லும். யூநேமை முதலில் கேட்டால், எம்சிஸ்2-க்குள் (விண்டோஸில் யூனிக்ஸ் ஷெல்லும் கம்பைலரும் தரும் தொகுப்பு) மிங்டபிள்யூ64 என்று தொடங்கிப் பதிப்பெண்ணோடு நீளும் பெயர் வந்து எதோடும் பொருந்தாமல் போகும். பதிலை வாங்க வெறும் ஈக்வல் போடாமல் கோலன்-ஈக்வல் போடுங்கள். வெறும் ஈக்வல் என்றால் அந்த மாறியைத் தொடும் இடத்திலெல்லாம் கட்டளைகளை ஓட்டும் ஷெல் புதிதாக ஓடும். அதே வரியின் கடைசியில் ஹேஷ் போட்டுக் குறிப்பு எழுதும் பழக்கமும் ஆகாது. ஹேஷுக்கு முன்னால் உள்ள ஸ்பேஸ் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும், ஒப்பீடு தோற்கும், எர்ரர் வராது.

சிஸ்டம் ஃபைலில் வருவது கொஞ்சம்தான்: எக்ஸிக்யூட்டபிளின் வால், ஷேர்டு லைப்ரரியின் வால், அதை லிங்க் செய்யும் ஃபிளாக், கூடுதல் லைப்ரரிகள், ஓடும்போது ஷேர்டு லைப்ரரியை எங்கே தேடுவது என்று சொல்லும் ஆர்பாத். ஷேர்டு லைப்ரரிக்கு லினக்ஸில் டாட் எஸ்ஓ, ஆப்பிளில் டாட் டைலிப், விண்டோஸில் டாட் டிஎல்எல். ஆர்பாத்தில் பலர் மாட்டுவார்கள். புரோகிராம் இருக்கும் அதே ஃபோல்டரைக் குறிக்க லினக்ஸில் டாலர் ஒரிஜின் என்று எழுத வேண்டும். டாலர் ஒன்று மட்டும் போட்டால் மேக் அடுத்த ஒற்றை எழுத்தை மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். டாலரை இரண்டாகப் போட்டு, ஷெல்லும் அதை விழுங்காதபடி ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். ஆப்பிளில் இந்தத் தொல்லை இல்லை, அட் லோடர்பாத் என்று எழுதினால் போதும்.

லிங்க் செய்யும் வரியில் லைப்ரரிகளை எப்போதும் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு (கம்பைல் ஆன துண்டுகளுக்கு) பின்னால் நிறுத்துங்கள். ஆப்பிளின் லிங்கர் வரிசையைக் கண்டுகொள்ளாது. உபுண்டு விடாது, அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் என்று கத்தும். அக்காவின் லேப்டாப்பில் ஓடியது வீட்டு பிசியில் ஓடாததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

ஆப்பிளோடு வரும் மேக் 3.81, 2006-இல் வெளிவந்தது. அதற்குப் பிந்தையவை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் இருப்பதால் ஆப்பிள் அங்கேயே நிறுத்திக்கொண்டது. எல்லா வரிகளையும் ஒரே ஷெல்லில் ஓட்டும், 3.82-இல் வந்த ஒன்ஷெல்லை நம்பி எழுதினால் 3.81 அதைச் சத்தமில்லாமல் புறக்கணிக்கும்: முதல் வரியில் சிடி போட்டு ஃபோல்டர் மாறுவீர்கள், அடுத்த வரி பழைய இடத்திலேயே ஓடும். ஆப்பிளில் புரோகிராம்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூவில் புதிய மேக் கிடைக்கும், ஜிமேக் என்ற பெயரில். ஆனால் சின்ன புராஜெக்டுக்கு 3.81-க்குள் அடங்கும்படி எழுதுவதே நல்லது. கட்டளைகளை அண்ட்-அண்ட் போட்டு ஒரே வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

ஷெல்லும் ஒன்றல்ல. மேக் அழைக்கும் எஸ்ஹெச், உபுண்டுவில் 2006-இலிருந்து டேஷ் என்ற சின்ன ஷெல், பேஷ் அல்ல. இரட்டைச் சதுர அடைப்புக்குறி அங்கே வேலை செய்யாது, எக்கோவுக்கு இ ஃபிளாக் கொடுத்தால் அதையே அச்சடிக்கும். பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள். ஃபைலுக்குள் எழுத்தை மாற்றும் செட் (எஸ்இடி) கட்டளையின் ஐ ஃபிளாக்கோடு இடைவெளி விடாமல் டாட் பேக் ஒட்டினால் லினக்ஸ், ஆப்பிள் இரண்டிலும் ஓடும். விண்டோஸின் சொந்த ஷெல்லான சிஎம்டியை ஆதரிக்க முயலவே வேண்டாம், எம்சிஸ்2 டெர்மினலில் மட்டும் பில்ட் செய்யவும் என்று ரீட்மீயில் எழுதிவிடுங்கள். ஃபைலை அழிக்கும் சிஎம்டியின் டெல்லும் யூனிக்ஸின் ஆர்எம்மும் ஒரே ஃபைலில் குடித்தனம் நடத்தாது.

இனி நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள்.

ஒன்று இனிஷியல். விண்டோஸ் கணக்கில் கார்த்திக் ஆர் என்று பெயர் கொடுத்தால் ஹோம் ஃபோல்டரிலும் ஸ்பேஸ் வரலாம். மேக்குக்கு ஸ்பேஸ் என்றால் அடுத்த ஃபைல். மேற்கோள் போட்டாலும் டார்கெட்டில், அதாவது உருவாக வேண்டிய ஃபைலின் பெயரில், உதவாது. சி டிரைவின் வேரிலேயே ஸ்பேஸ் இல்லாத ஃபோல்டரில் சோர்ஸ் கோடை வைத்து, ரிலேட்டிவ் பாத் மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று ஐந்தரை மணி நேரம். அரசின் விலையில்லா லேப்டாப்களில் பல, பாஸ் என்ற இந்திய லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தவை. டூயல் பூட் போட்ட எந்த மெஷினிலும் விண்டோஸ் போர்டு கடிகாரத்தை இந்திய நேரத்தில் வைக்கும், லினக்ஸ் அதையே யுடிசி (உலகப் பொது நேரம்) என்று நினைக்கும். நெட் இல்லாமல் லினக்ஸில் பூட் ஆனால் நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடும். அப்போது உருவான ஆப்ஜெக்ட் ஃபைலுக்கு எதிர்கால முத்திரை விழும். நெட் வந்து நேரம் சரியானதும் நீங்கள் சோர்ஸைத் திருத்துவீர்கள். மேக் ஆப்ஜெக்ட்தான் புதிது என்று நம்பிக் கம்பைலே செய்யாது. கிளாக் ஸ்கியூ என்ற எச்சரிக்கையும் 19800-ஐ ஒட்டிய விநாடிக் கணக்கும் தெரிந்தால் இதுதான். கிளீன் செய்துவிட்டு, போர்டு கடிகாரத்தை லினக்ஸும் இந்திய நேரமாகவே படிக்கும்படி அதன் டைம்டேட்சிடிஎல்லில் செட்-லோக்கல்-ஆர்டிசியை 1 ஆக்குங்கள்.

விண்டோஸ் வரிமுடிவு ஷெல் ஸ்கிரிப்டைக் கெடுக்காமலிருக்க கிட் படிக்கும் கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் இஓஎல் எல்எஃப் (வரிமுடிவு லினக்ஸ் பாணியில்) என்று எழுதினால் போதும்.

எல்லாம் எழுதியபின் ஒவ்வொரு சிஸ்டத்திலும் மேக்கை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை எதுவுமே கம்பைல் ஆகக்கூடாது. அப்படிக் கம்பைல் ஆகிவிட்டால், பில்ட் ஃபோல்டரைச் சாதாரண சார்பாக (டிபெண்டன்சியாக) கொடுத்திருக்கிறீர்களா என்று தேடுங்கள்: உள்ளே ஒரு ஃபைல் பிறந்தாலே ஃபோல்டரின் நேரம் மாறும், மேக் மறுபடி கம்பைல் செய்யும். அதன் பெயரைச் செங்குத்துக் கோட்டுக்கு வலப்பக்கம் நகர்த்தினால், ஃபோல்டர் இருக்கிறதா என்று மட்டும் மேக் பார்க்கும், நேரத்தைப் பார்க்காது.