விரியும் தோட்டாவும் வேட்டை விதியும்

போரில் தடைசெய்யப்பட்ட தோட்டாவை வேட்டையில் மட்டும் கட்டாயமாக்குவது ஏன் என்ற கேள்வி என்னை நெடுநாள் உறுத்தியது. உடலுக்குள் எளிதில் விரியும் தோட்டாக்களைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனத்தில் நாடுகள் உறுதியளித்தன. ஆனால் இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ, ரைபிளால் மானைச் சுடுவோர் விரியும் வகையான மென்முனை (முனையில் ஈயம் வெளியே தெரிவது) அல்லது குழிமுனைத் (முனையில் குழி உள்ளது) தோட்டாவையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் பெரிய விலங்குகளைச் சுட முழு உலோக உறையிட்ட, எளிதில் விரியாத தோட்டாவுக்கு அனுமதியில்லை.

காரணம் காயத்தின் தன்மையில் இருக்கிறது. ஈய உட்கருவைச் செம்புக் கலவை உறை முன்புறம் முழுவதும் மூடியிருக்கும்போது, தோட்டா பெரும்பாலும் தன் வடிவம் மாறாமல், ஒடுங்கிய துளையொன்றை மட்டும் விட்டு, தன் ஆற்றலின் பெரும்பகுதியுடன் மறுபுறம் வெளியேறிவிடுகிறது. அடிபட்ட மான் புதருக்குள் ஓடி மறைந்து, பல மணி நேரமோ சில நாட்களோ துடித்துச் சாகக்கூடும். இந்தக் கொடுமையை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. மாறாக, முனை திறந்த தோட்டா உடலுக்குள் காளான்போல் விரிந்து, ஏறத்தாழ இரு மடங்கு அகலமாகி, இதயத்தையும் நுரையீரலையும் அகலமாகக் கிழிப்பதால், இரத்த அழுத்தம் விரைவாக வீழ்ந்து விலங்கு சில நொடிகளில் நினைவிழக்கிறது.

ஊடுருவிச் செல்லும் தோட்டா பின்னால் நிற்கும் இன்னொரு விலங்கையோ மனிதரையோ தாக்கும் ஆபத்தும் உண்டு. விரியும் தோட்டா அதை முற்றிலும் நீக்குவதில்லை, குறைக்கிறது. குறி தவறினால் எந்தத் தோட்டாவும் விலங்கின் வேதனையைத் தடுக்காது.