பழைய மாருதி 800-இல் எர்த் தேடும் வேலை: ஆடி முதல் மார்கழி வரை

ஆடி

வண்டி மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. சேலத்துக்குள்ளே அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருக்கும்வரை ஒரு குறையும் சொல்லாது. ஏற்காட்டில் மாமனார் வீட்டு வாசலில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டால்தான் பிகு பண்ணும். காலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் செல்ஃப், அதாவது இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், இழுத்து இழுத்துச் சுற்றும். ஹெட்லைட்டோ பெயருக்கு எரிந்தது. இருட்டிய பிறகு இறங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே வருகிறவர் வெளிச்சத்தை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

ஒரு கடையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். இன்னொரு கடையில் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். இரண்டு பேருமே மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீட்டில் எல்லோருக்கும் லீவு. சரி, நாமே பார்ப்போம் என்று பானெட்டைத் திறந்தேன். கையில் இருந்தது ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10, 12 நம்பர் ஸ்பேனர்கள், உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், சமையலறையிலிருந்து எடுத்த ஆப்ப சோடா, கொஞ்சம் வாசலின்.

முதலில் பேட்டரி. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் 12.5 வோல்ட் காட்டியது. 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 14.1. இது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நின்றால் ஆல்டர்னேட்டர், அதாவது நம்மூரில் டைனமோ என்கிறோமே அது, தன் வேலையைச் செய்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 10.6. அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். ஆக, பேட்டரி மேல் பழி போட முடியாது.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றியதும் நுரைத்துக் கிளம்பியது. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்து, பூட்டிய பிறகு மேலே வாசலின். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகவே கூடாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவ் நட்டைத் திருப்பும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டாலும் அப்போதுதான் ஷார்ட் ஆகாது. கையில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். செல்லில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். மேட்டூர்த் தண்ணீர், போர்த் தண்ணீர் எதுவும் ஆகாது. சேலத்து வெயிலுக்கு இதைக் கோடையில் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வந்ததுதான் உருப்படியான சோதனை. செல்ஃப் மோட்டாருக்குப் பாசிட்டிவ் கேபிள் வழியாகப் போகும் மின்சாரம், இன்ஜின் உடம்பு வழியாக, எர்த் பட்டை வழியாக, கார் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பி வர வேண்டும். போகிற வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்புகிற வழியை, அதாவது எர்த்தை, யாரும் சீந்துவதில்லை.

செல்ஃப் அடித்தாலும் இன்ஜின் கிளம்பக் கூடாது என்று பெட்ரோல் பம்ப் ப்யூஸை உருவிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டேன். நியூட்ரல், ஹேண்ட் பிரேக். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலேயே அழுத்தினேன். மேலே இருக்கும் கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கும் கோளாறு தெரியாமல் போய்விடும். மறுமுனை இன்ஜினில், பெயின்ட் இல்லாத இடத்தில். சாவி மகள் கையில்.

“அடிக்கட்டுமாப்பா?”

“அடி... அடி... விடு, போதும்.”

0.9 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது இந்த இடத்தில் 0.2-க்கு மேல் காட்டக் கூடாது. மீட்டர் முனையை இன்ஜினிலிருந்து எடுத்துப் பாடியில் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னேன். 0.1. அப்படியென்றால் பேட்டரியிலிருந்து பாடிவரை பழுதில்லை. பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஓடும் எர்த் பட்டையிலேயே 0.8 வோல்ட் கரைகிறது.

இந்தக் கோளாறை மீட்டரின் ஓம் அளவில் வைத்தோ ‘பீப்’ சத்தம் கேட்டோ கண்டுபிடிக்க முடியாது. சின்ன இன்ஜினுக்கே செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். 100 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் விழ 0.008 ஓம் தடை இருந்தாலே போதும். மீட்டரின் இரண்டு ஒயர்களுக்குமே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. அதனால் ஓம் அளவில் எல்லாம் சுத்தமாகத் தெரியும், பீப்பும் சமர்த்தாக அடிக்கும். செல்ஃப் மின்சாரம் இழுக்கும்போது வோல்ட்டை அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

பட்டையைக் கழற்றினேன். வெளியே பார்க்க முழுசாக இருந்தது. முனையில் போல்ட்டுக்கு மாட்டும் வளையமான லக்கை மடக்கிப் பார்த்தால், அது கவ்வியிருந்த இடத்தில் செம்பு இழைகள் கறுத்துப் பொடியாக உதிர்ந்தன. போல்ட்டுக்கு அடியில் பாடியில் துரு, அதன் மேல் யாரோ அடித்த பெயின்ட். பேட்டரி கேபிள் செய்கிற கடையில் 25 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிளில் அதே நீளத்துக்கு இரு பக்கமும் லக் வைத்து கிரிம்ப் செய்து வாங்கினேன். பாடியில் லக் உட்காரும் வட்டத்தை மட்டும் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பூட்டிய பிறகு சுற்றிலும் வாசலின் தடவினேன். இப்போது இன்ஜினில் 0.15. செல்ஃப் ஒரே மூச்சில் சுற்றியது. செலவு, புது செல்ஃப் மோட்டார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆவணி

ஊருக்குப் போய்விட்டு வந்தால் பேட்டரி படுத்திருந்தது. நிறுத்தும்போது நன்றாக இருந்த பேட்டரி, நின்ற இடத்திலேயே வடிந்திருக்கிறது. ஏற்காட்டுச் சோம்பலில் இதற்கும் பங்கு உண்டு என்று அப்போதுதான் புரிந்தது.

பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றிவிட்டு வடிகாலைத் தேடினேன். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். கதவுச் சட்டத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்தேன். மீட்டர் இப்படி இருக்கும்போது யாரும் சாவியைத் தொடக் கூடாது. செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தை அந்த மீட்டர் தாங்காது.

கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். 0.25 ஆம்பியர். 0.05-க்குள் இருக்க வேண்டியது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று பெருக்கினால் 6 ஆம்பியர்-மணி (Ah). என் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. ஐந்தே நாளில் 30 போய்விடும்.

ப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவி உருவி மீட்டரைப் பார்த்தேன். ஸ்டீரியோ ப்யூஸை எடுத்ததும் 0.02-க்கு இறங்கியது. சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயரை முன்பு யாரோ நேரடி சப்ளையில் கொடுத்திருக்கிறார்கள். சாவியை எடுத்தாலும் அது தூங்கவில்லை. சாவியோடு வந்து போகிற சப்ளையில் அதை மாற்றிக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை.

ப்யூஸ் பெட்டி திறந்திருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் செருகப்பட்டிருந்தது. அடிக்கடி போகிற ப்யூஸுக்கு இப்படி ஒரு வைத்தியம் எல்லா ஊரிலும் நடக்கிறது, சிகரெட் பாக்கெட் தாளைச் சுற்றிச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் ப்யூஸ் எரிய வேண்டிய இடத்தில் ஒயர் எரியும்.

ஐப்பசி

மழை பிடித்துக்கொண்டதால் ஹெட்லைட்டைத் தள்ளிப்போட முடியவில்லை. டிம் எரிய, இன்ஜின் ஓட, பேட்டரியில் 13.9 வோல்ட். பல்பு ஹோல்டரின் பின்பக்கத்தில் மீட்டர் முனைகளைச் செருகினால் 11.5. வழியிலேயே 2.4 வோல்ட் போகிறது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். பல்பை மாற்றி மாற்றிப் பார்த்தும் ஏன் விடியவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

இரண்டு பல்புகளின் மின்சாரமும் மெல்லிய ஒயரில் ஸ்டீரிங் பக்கத்து சுவிட்ச் வரை போய்த் திரும்புகிறது. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட், பக்கத்துக்கு ஒன்று. பிரைட் போட்டால் 10 ஆம்பியர். இத்தனை வருஷம் தேய்ந்த சுவிட்ச் முனைக்கு அது அதிகம். ரிலே என்பது சின்ன மின்சாரத்தில் இயங்கிப் பெரிய மின்சாரத்தை விடும் சுவிட்ச். அதைப் போட்டால் ஸ்டீரிங் சுவிட்ச் ரிலேயைத் தூண்டினால் போதும், பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரும்.

ரிலேயில் நான்கு கால்கள், எண் போட்டிருக்கும். 30-க்குப் பேட்டரி பாசிட்டிவ், 87-லிருந்து பல்புக்கு, 85-ம் 86-ம் ரிலேயைத் தூண்டும் சுருளுக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ப்யூஸ். ப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது. ரிலேயும் ஒயரும் சேர்ந்து வரும் கிட் வாங்குவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். லைட் எரியும்போது ஹோல்டரின் பொதுப் பின்னுக்கும் பாடிக்கும் நடுவில் அளந்தால் 12 வோல்ட் வருகிறதென்றால் அந்த வகை. அதற்கான கிட் வேறு.

தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார்.

“எல்லாஞ் சரிங்க தம்பி, எர்த்தை எங்க குடுத்தீங்க?”

“ஹெட்லைட் பக்கத்துலயே பாடில ஒரு போல்ட்ல குடுத்துட்டேங்கண்ணா.”

“அந்த போல்ட்டும் துருப்பிடிக்கும். பேட்டரி நெகட்டிவுக்கே தனி ஒயர் இழுத்துருங்க.”

இழுத்தேன். இப்போது பல்பில் 13.5. அதே பழைய பல்புகள்தான், தெருவே பளிச்சென்று ஆகிவிட்டது. 100/90 வாட் பல்பு போடலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவர் சபிப்பார், சட்டமும் அனுமதிக்காது. ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைத் திணிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை, வெளிச்சம் கண்டபடி மேலே சிதறுகிறது.

மார்கழி

சோதித்துப் பார்க்க ஏற்காடு. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் சாதாரணக் குளிர்தான். பாதி மலைக்கு மேல் பனி கவிந்தது. பிரைட் போட்டால் கண்ணுக்கு முன் வெள்ளைச் சுவர். டிம்முக்கு மாற்றியதும் ரோட்டோரக் கற்கள் வரிசையாகத் தெரிந்தன. டிம்மின் மேல்விளிம்பைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்து வைத்திருந்தது இங்கே கை கொடுத்தது. காலையில் செல்ஃப் முதல் அடியிலேயே எடுத்தது. மாமனார், “பேட்டரி புதுசா மாப்ளே?” என்றார்.

இறங்கும்போது பின்னால் வந்த மச்சான் போனில் கூப்பிட்டு, “மாமா, நீங்க பிரேக் புடிச்சா லெஃப்ட் இண்டிகேட்டர் லேசா எரியுது” என்றான். இதுவும் எர்த்தான். பின்விளக்கின் எர்த் அற்றுப்போனால், 21 வாட் பிரேக் பல்பின் மின்சாரம் திரும்ப வழியில்லாமல் பக்கத்தில் இருக்கும் இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் புகுந்து பாடிக்குப் போய்விடும். இரண்டும் மங்கலாக எரியும். மலையிறக்கத்தில் பின்னால் வருகிறவருக்கு நாம் பிரேக் பிடிக்கிறோமா, திரும்புகிறோமா என்றே தெரியாது. வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்து, விளக்குக் கூட்டுக்குப் பின்னால் இருந்த கறுப்பு ஒயரின் ஸ்குரூவைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினேன். ஐந்து நிமிஷம்.

பிரேக்கில் மட்டும் நான் கை வைப்பதில்லை. ஆயிலை மாற்றச் சொல்லி ஒர்க்ஷாப்பில் விட்டேன். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்க வேண்டும். ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. இருபது வளைவுகளையும் மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொள்ளட்டும். நான் இரண்டாம் கியர்.

மீதி இருப்பது உள்ளே காற்று ஊதும் விசிறியான புளோயர். பனியில் கண்ணாடி உள்பக்கம் ஆவி பிடித்தபோதுதான் கவனித்தேன், ஒன்றிலும் இரண்டிலும் வைத்தால் மூச்சில்லை, கடைசி வேகத்தில் மட்டும் சுற்றுகிறது. மோட்டார் நல்லது என்று அதிலேயே தெரிகிறது. குறைந்த வேகங்களுக்கு வழியில் ஒரு ரெசிஸ்டர் உண்டு, கடைசி வேகம் அதைத் தொடாமல் நேராகப் போகும். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுக் கழற்றிப் பார்த்தேன். சுருள் ஒரு இடத்தில் அறுந்திருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் விசாரித்ததில் பொங்கல் கழிந்து வரும் என்றார்கள். சாமான் வந்ததும், புதுச் சுருள் போடுவதற்கு முன் அந்த மோட்டாரின் எர்த்தையும் ஒரு தடவை அளந்துவிடலாம் என்று இருக்கிறேன்.