செர்னோபிலின் எரிந்த காட்டில் இலை பறிக்கப் போகிறவர்களுக்கு

2020 ஏப்ரல் தீயில் கருகிய செர்னோபில் காடுகளில் என்ன முளைக்கிறது, அதற்குள் 1986 அணு உலை விபத்தில் சிதறிய கதிரியக்கப் பொருள்களான சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க 2021 கோடையில் போனோம். நான் சொல்வது உக்ரைன் போருக்கு முந்தைய நிலவரம். 2022-க்குப் பிறகு அங்கே கண்ணிவெடி அபாயமும் சேர்ந்துவிட்டது. ஊரில் எல்லோரும் கதிர்வீச்சைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்களைப் படுத்தியது காகிதமும் சாம்பலும்.

முதல் அடி பெயரில் விழுந்தது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கும். செர்னோபில் தடைப் பகுதிக்குள் நுழைய அனுமதி வேண்டும்; அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அதற்கான விண்ணப்பம் நகராது. அனுமதி எடுத்துத் தந்த அலுவலகம், பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொண்டே, என் அப்பா பெயரைத் தானாக அங்கே போட்டுவிட்டது. தடைப் பகுதியின் நுழைவாயிலான தித்யாத்கி சோதனைச் சாவடியில் பட்டியலை ஒப்பிட்ட காவலர் தலையசைத்து மறுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கீவிலிருந்து இரண்டு மணி நேரம் ஓடி வந்த வண்டி அப்படியே திரும்பியது. அலுவலகத்தில் கேட்டால், "புதிதாக விண்ணப்பியுங்கள்" என்பதோடு சரி. வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. புறப்படும் முன்பே பெயர்ப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கி எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தர மறுத்தாலும் விடாதீர்கள்.

தங்குமிடம், சாப்பாடு, உள் வாகனம் எதிலும் சிக்கலில்லை.

அணு உலைக்கு அருகே, விபத்தில் பைன்கள் செந்நிறமாகிப் பட்டுப்போன காட்டைச் செங்காடு என்பார்கள். அங்கே 1986-இல் செத்த பைன்களைப் புதைத்த இடத்திலேயே 2016 ஜூலையிலும் தீ பரவியது. அங்கே நின்று பார்த்தால் ஒன்று புரியும். எரிந்த பைன் அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பதில்லை, போதாக்குறைக்குக் கதிர்வீச்சிலும் எளிதில் அடிபடும் மரம் அது. பிர்ச் அடிமரத்திலிருந்தும் ஆஸ்பென் வேரிலிருந்தும் துளிர்த்துவிடும். காட்டின் முகமே மாறுகிறது. இதை நேரில் காணத்தான் அத்தனை அலைச்சலும். காண வேண்டிய காட்சிதான்.

சாம்பலுக்கு வருகிறேன். சருகிலும் மேல்மண்ணிலும் கிடக்கும் சீசியத்தில் சிறு பங்குதான் புகையோடு போகிறது. மிச்சம் தரையிலேயே தங்குகிறது. மழை அடித்தால் அந்தச் சாம்பல் தெறித்து இலையில் ஒட்டும். அந்த இலையை அப்படியே அளந்தால் வேர் உறிஞ்சியதா, வெளியே ஒட்டியதா என்று பிரிக்கவே முடியாது. முழங்காலுக்கு மேலுள்ள இலைகளை மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் கழுவுங்கள். பள்ளமில்லாத அடியுள்ள பூட்ஸ் அவசியம். எங்கள் குழுவில் ஒருவரின் பூட்ஸ் இடுக்கில் சாம்பல் சிக்கி, வெளியேறும் அளவீட்டில் கருவி அலறியது. தேய்த்துக் கழுவிய பிறகுதான் விட்டார்கள்.

மாதிரிகளை வெளியே கொண்டுவர அளவீட்டுச் சான்று வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில், மாற்று ஆள் கிடையாது. பிளாஸ்டிக் பையில் காத்திருந்த இலைகளில் பூஞ்சை பிடித்து ஒரு பகுதி வீணாகிவிட்டது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. காகிதப் பையில் போட்டு அங்கேயே உலர்த்திவிடுங்கள்.

விசா நாட்களைக் கணக்கிடும்போது ஸ்ட்ரான்சியத்தை மறக்க வேண்டாம். சீசியத்தைக் காமாக் கதிரை அளக்கும் கருவியில் வைத்தால் உடனே எண் வந்துவிடும். ஸ்ட்ரான்சியத்துக்கு அப்படி அளந்து அடையாளம் காணக் காமாக் கதிர் கிடையாது. வேதிமுறையில் பிரித்தெடுத்து, அது சிதைவதால் உண்டாகும் இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் ஊறிச் சமநிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நாங்கள் நல்லவேளையாக விசாவை நீட்டித்திருந்தோம். கழுவிய பிர்ச் இலைகளில் சீசியம் நன்றாகக் குறைந்திருந்தது. ஸ்ட்ரான்சியம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கால்சியம் போலவே அதையும் மரம் வேர்வழி உள்ளே இழுத்திருக்கிறது. கழுவாத பாதியை மட்டும் அளந்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.